சாவி யாரிடம் இருக்கிறது? வேலூர் வட்டாரத் தொண்டு நிறுவனங்களுக்கான நெருக்கடிகால வழிகாட்டி

2021 நவம்பர் மழையில் கன்சால்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்த அன்று எங்கள் அறக்கட்டளையின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. தரைத்தளத்தில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள். சாவி கணக்கர் கையில். அவர் ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். விடிந்ததும் நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கதவிடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆள் தேடி, கடப்பாரை தேடி, பூட்டை உடைத்துத் திறக்க ஒரு மணி நேரம் ஆனது.

இரும்பு பீரோவின் அடித்தட்டில்தான் அறக்கட்டளைப் பத்திரத்தின் அசல், மூன்று வருஷத்து வவுச்சர்கள், ரசீதுப் புத்தகங்கள் எல்லாம் இருந்தன. அடுத்த நான்கு நாட்கள் மாடி அறையில் கொடி கட்டி, துணி கிளிப் மாட்டி, ஒவ்வொரு தாளாக உலர்த்தினோம். மைப் பேனாவில் எழுதிய ரசீதுகளில் நன்கொடையாளர் பெயர்கள் நீலமாகக் கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை தப்பின. பத்திரம் பிழைத்தது. முத்திரைத்தாளின் ஓரத்தில் சேறு ஏறிய கோடு இன்னும் இருக்கிறது.

முந்தின நாள் சாயங்காலமே எதிர்வீட்டு அம்மா போன் செய்திருக்கிறார். "கால்வாய்ல தண்ணி ஏறிக்கினே வருது, யாராவது வந்து பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் இருந்தது கணக்கரின் நம்பர் மட்டும். கணக்கர் அப்போது பஸ்ஸில். அடித்தட்டில் இருந்ததை மேல்தட்டுக்கு மாற்ற பத்து நிமிஷம் போதும். தண்ணீர் வருவதை நாங்கள் தடுத்திருக்க முடியாது. சாவியை இரண்டு பேரிடம் கொடுத்து வைத்திருக்க முடியும்.

அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் பல சிறிய அமைப்புகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். முதியோர் இல்லம், மாலை நேரப் படிப்பு மையம், சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி, சுயஉதவிக் குழுக்களுக்குத் துணை நிற்கும் சங்கம் என்று எல்லா வகையும். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் நாற்பது பேர் வேலை செய்யும் இடத்திலும் நெருக்கடி ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஏதோ ஒரு விஷயம் ஒரே ஒருவர் கையில் இருக்கும். அவர் அந்த நேரத்தில் அங்கே இருக்கமாட்டார். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் அந்த வாசலை அடைப்பதற்காகத்தான்.

படி 1: நம் ஊரில் என்ன வரும் என்று உட்கார்ந்து எழுதுங்கள்

ஒரு சனிக்கிழமை மதியம் எல்லோரையும் உட்கார வையுங்கள். எல்லோரும் என்றால் சமையல்காரம்மா, ஆயா, டிரைவர், இரவுக் காவலர் உட்பட. அறங்காவலர்கள் மட்டும் கூடிப் பேசினால் பணத்தையும் அரசு அனுமதியையும் பற்றி மட்டுமே பேசுவார்கள். அது என் அனுபவம்.

நாங்கள் செய்வது இதுதான். நடக்கக்கூடிய ஆபத்து ஒவ்வொன்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரையில் பரப்புவோம். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எது நம்மை அதிகம் பாதிக்கும் என்று நினைக்கிறார்களோ அந்தத் தாளில் வைக்க வேண்டும். பேசத் தயங்குகிறவர்களும் கொட்டையை வைப்பார்கள். முதல்முறை செய்தபோது எங்கள் சமையல்காரம்மா தன் ஐந்தையும் ஒரே தாளில் வைத்தார். காரணம் கேட்டதற்கு, "கேஸ் டியூப்பு வெடிச்சிப் போயிக்கீது சார், நானும் மூணு மாசமா சொல்லிக்கினு இருக்கேன்" என்றார். அன்று மாலையே மாற்றினோம்.

தாளில் என்ன எழுதுவது என்பதற்கு நம் மண்ணே பதில் வைத்திருக்கிறது.

முதலில் ஆறு. பாலாறு பெரும்பாலான வருஷங்களில் மணலாகவே கிடப்பதால் அதில் வெள்ளம் வரும் என்பதையே ஒரு தலைமுறை நம்பவில்லை. 1903 நவம்பரில் இதே ஆறுதான் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. 2021-இல் மறுபடியும் கரை புரண்டது. நந்திமலையில் பிறந்து கர்நாடகம், ஆந்திரம் கடந்து வருகிற ஆறு அது. பொன்னை ஆறு சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. ஆகவே வேலூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் தண்ணீர் வரலாம். சித்தூரில் இரண்டு நாள் அடைமழை என்று செய்தி வந்தால் பொன்னைக் கரையோர அமைப்புகள் அதைத் தங்கள் ஊர் மழையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். குடியாத்தத்துக்காரர்கள் மோர்தானா அணையைக் கவனிக்க வேண்டும். அது நிரம்பி வழிந்தால் கௌண்டின்ய ஆறு ஊருக்குள்தான் வரும். வேலூர் நகரத்தில் ஆற்றைவிட நிக்கல்சன் கால்வாய் முக்கியம். கன்சால்பேட்டையில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது சுவர். மழையில் ஆளைக் கொல்வது பல நேரம் வெள்ளம் இல்லை, ஊறிப்போன சுவர்தான். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் சுவர் இடிந்து விழுந்ததில் குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். உங்கள் கட்டடத்தை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்து வீட்டுச் சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதன் ஓரத்தில் யார் படுக்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்றாவது தொழிற்சாலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கழிவு பாய்ந்ததில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வெளிமாநிலத் தொழிலாளர்கள். வாலாஜா, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் அவர்களோடு வேலை செய்யும் அமைப்பாக இருந்தால், உங்கள் அவசர எண் பட்டியல் இந்தியிலும் வங்காளத்திலும் இருக்க வேண்டும். தமிழில் ஒட்டிய நோட்டீஸ் அவர்களுக்கு வெறும் சுவர்தான்.

பிறகு தீ, கத்திரி வெயில், வாகன விபத்து. நன்கொடை திடீரென்று நிற்பது, கையெழுத்துப் போடுகிறவர் இறந்துபோவது, இல்லத்தில் ஒரு குழந்தைக்குத் தவறு நடந்ததாகப் புகார் வருவது. கடைசி மூன்றையும் எழுதக் கூச்சப்படுவார்கள். எழுத வையுங்கள்.

படி 2: ஒரே ஆள் கையில் இருப்பவற்றைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றவற்றைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு நோட்டில் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் பொருள் அல்லது வேலை, இரண்டாவதில் இப்போது யாரிடம் இருக்கிறது, மூன்றாவதில் அவர் இல்லாவிட்டால் யார். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் வரிகள்தான் உங்கள் ஆபத்துப் பட்டியல். அலுவலகச் சாவி, பீரோ சாவி, வண்டிச் சாவி, கேஸ் புக்கிங் செய்யும் போன், வங்கி ஓ.டி.பி. வரும் சிம், மின்னஞ்சல் கடவுச்சொல், வருமானவரித் தளத்தின் கடவுச்சொல், டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் டோக்கன், மருந்து அலமாரிச் சாவி, ஆடிட்டரோடு பேசுகிற ஆள், தாலுகா அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஆள்.

எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பில் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் பொருளாளர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் அவர் ஒருவர். ஓ.டி.பி. வரும் போனும் அவருடையது. அந்த போன் அவரோடு தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் போய்விட்டது. கணக்கில் பணம் இருந்தது, சம்பளம் கொடுக்க முடியவில்லை. பத்து நாள் கழித்து அவர் இறந்துபோனார். அந்தத் துக்கத்துக்கு நடுவே அவருடைய மனைவியிடம் போய் அந்த போனைக் கேட்க வேண்டி வந்தது. கேட்கப் போனவர் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது.

இதற்கு வழி எளிது. கையெழுத்துப் போட மூன்று பேரை நியமித்து, அவர்களில் எந்த இருவர் போட்டாலும் செல்லும் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். அதற்கு நிர்வாகக் குழுத் தீர்மானம் வேண்டும், நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவு வேண்டும், மூன்று பேருடைய அடையாளச் சான்று வேண்டும். வங்கி ஒரே நாளில் முடித்துத் தராது, ஆகவே அமைதியான மாதத்தில் செய்யுங்கள். ஓ.டி.பி.க்கு அமைப்பின் பெயரில் தனி சிம் எடுத்து ஒரு சாதா போனில் போட்டு அலுவலகத்திலேயே வையுங்கள். மூவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக்கூடாது. கணவன், மனைவி, மகன் என்று மூவர் இருந்தால் ஒரு விபத்து மூன்று கையெழுத்தையும் கொண்டுபோய்விடும்.

அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை முழுதாக வாசியுங்கள். அறங்காவலர் இறந்தாலோ விலகினாலோ அடுத்தவரை யார் நியமிப்பது என்ற பிரிவு இருக்கிறதா? பல பழைய பத்திரங்களில் நிறுவனரின் பெயரைத் தவிர வேறு ஏற்பாடே இல்லை. சங்கமாகப் பதிவு செய்தவர்கள், 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளரிடம் தாக்கல் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தாக்கல் செய்யாமல் விட்ட மாற்றத்தைக் காகிதத்தில் நிரூபிக்க முடியாது. வங்கியும் ஏற்காது.

படி 3: காகிதங்களை மூன்று இடத்தில் வையுங்கள்

அசல் ஓரிடம், நகல் ஓரிடம், ஸ்கேன் ஓரிடம். அசல் வங்கி லாக்கரில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மாடியில், அல்லது பீரோவின் மேல்தட்டில் ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் கவரில். நகல் வேறு ஊரில் இருக்கும் ஓர் அறங்காவலர் வீட்டில். வேறு ஊர் என்றால் அதே ஆற்றங்கரை ஊராக இருக்கக்கூடாது. விருதம்பட்டில் அலுவலகத்தையும் மேல்விஷாரத்தில் நகலையும் வைத்தால் ஒரே பாலாறு இரண்டையும் பார்த்துவிடும். திருவண்ணாமலையிலோ போளூரிலோ ஒருவர் இருந்தால் அவரிடம் கொடுங்கள்.

எவை எவை: பத்திரம் அல்லது சங்கப் பதிவுச் சான்று, பான் அட்டை, 12ஏ, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிப் பதிவுகள், வெளிநாட்டு நிதி பெறுபவர்களுக்கு அதன் பதிவு, இல்லம் நடத்துபவர்களுக்கு உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, கடைசி மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், ஊழியர்களின் விவரம். ஸ்கேன் செய்ய மெஷின் வேண்டாம். போனில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, அமைப்பின் பெயரில் உள்ள மின்னஞ்சல் கணக்கில் ஏற்றி, கடவுச்சொல்லை இரண்டு பேரிடம் கொடுத்தால் போதும்.

பயனாளிகள் பட்டியல் மட்டும் தனி. இல்லத்தில் இருப்பவர்களின் பெயர், வயது, நோய், சாப்பிடும் மாத்திரை, உறவினர் எண் எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாள் அவசரத்தில் கையோடு போக வேண்டும். ஆனால் யார் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டக்கூடாது. எச்.ஐ.வி. உள்ளவர்களோடும் மனநலம் பாதிக்கப்பட்டவர்களோடும் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு தாள் வெளியே போவதே ஒரு நெருக்கடி.

இனி ரசீதுகளை பால்பாயின்ட் பேனாவில் எழுதச் சொல்லுங்கள்.

படி 4: சேமிப்பு தவறில்லை என்று நிர்வாகக் குழுவை ஒப்புக்கொள்ள வையுங்கள்

'வந்த பணத்தை அந்த வருஷமே முழுதாகச் செலவழித்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் பாவம்' என்று நல்ல மனம் கொண்ட பல பெரியவர்கள் நினைக்கிறார்கள். வரிச் சட்டமே அப்படிச் சொல்லவில்லை. வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், 15 சதவீதம் வரை ஒதுக்கி வைக்கலாம். ஒவ்வொரு வருஷமும் அந்த 15-இல் பாதியை ஒதுக்கினாலே சில வருஷங்களில் மூன்று மாதச் சம்பளமும் சோறும் கையில் நிற்கும். மூன்று மாதம் என்பது என் குறைந்தபட்சக் கணக்கு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூன்று மாத இருப்பு வைத்திருந்த இல்லங்கள் தடுமாறினாலும் நின்றன. இல்லாதவர்கள் தட்டேந்தி நின்றதைப் பார்த்தேன், அதுவும் வீட்டைவிட்டு யாரும் வெளியே வரமுடியாத நேரத்தில்.

இந்த இருப்பைத் தனி வைப்புத்தொகையாகப் போடுங்கள். யார் தீர்மானித்தால் உடைக்கலாம் என்பதையும் எழுதி வையுங்கள். கூடவே இல்லத்தில் ஒரு சிறு தொகை ரொக்கமாக இருக்கட்டும். மழையில் கரண்ட் போனால் ஏ.டி.எம்.மும் போய்விடும், ஜிபேயும் போய்விடும். பால்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் கையில் காசு வேண்டும்.

வெளிநாட்டு நிதி வாங்குபவர்கள் அந்தப் பணத்தை நெருக்கடிக்கான இருப்பாக நம்பாதீர்கள். 2020 செப்டம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். அதை வேறோர் அமைப்புக்குக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே பக்கத்து ஊர் அமைப்பு வெள்ளத்தில் தவித்தால் உங்கள் வெளிநாட்டுக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், நல்லெண்ணத்தில் சட்டத்தை மீறியவர்கள் ஆகிவிடுவீர்கள். பதிவு 5 வருஷத்துக்குத்தான். முடிய ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்யத் தவறாதீர்கள். இந்த இரண்டு தேதியும் சுவர்க் காலண்டரில் சிவப்பில் இருக்க வேண்டும். தேதியைத் தவறவிட்டதால் மூடிய இல்லத்துக்கும் வெள்ளத்தில் மூடிய இல்லத்துக்கும் அங்கே இருக்கும் பாட்டிக்கு வித்தியாசம் தெரியாது.

ஒரே பெரிய நன்கொடையாளரை நம்பியிருப்பதும் ஒரே சாவிதான். மாதம் 200 ரூபாய் தரும் நூறு பேர் இருந்தால், அவர்களில் இருபது பேர் நின்றாலும் அரிசி வரும். ஊரில் கடை வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், படித்து வெளியே போன பழைய மாணவர்கள். இவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

படி 5: ஆட்களை வெளியே கொண்டுவரும் ஒத்திகை

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் கொட்டகைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். இல்லமோ பள்ளியோ நடத்துகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் மறக்கக்கூடாது. உங்கள் கட்டடத்தைச் சுற்றி வந்து இரண்டே கேள்வி கேளுங்கள்: எங்கே பூட்டு இருக்கிறது? அடுப்புக்குப் பக்கத்தில் எரியக்கூடியது எது?

காட்பாடிப் பக்கம் நாங்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் முதல் ஒத்திகையை ஒரு ஞாயிறு காலை, டிபன் முடிந்த பிறகு நடத்தினோம். பதினெட்டுப் பேரை வாசலுக்குக் கொண்டுவர இருபத்துமூன்று நிமிஷம். அதில் ஏழு நிமிஷம் பின்பக்க கிரில் கேட்டின் சாவியைத் தேடியே போனது. ஒரு தாத்தா கண்ணாடியை எடுக்கத் திரும்பி உள்ளே போனார். இன்னொருவர் செருப்பு இல்லாமல் வெளியே வரமாட்டேன் என்றார். அவர் சொன்னதும் சரிதான், சர்க்கரை நோயாளிக்குக் காலில் காயம் பட்டால் ஆறாது. அடுத்த வாரம் எல்லோர் கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு மஞ்சள் பையைக் கட்டினோம். அதில் ஏழு நாள் மாத்திரை, மாத்திரைச் சீட்டின் நகல், ஆதார் நகல், மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகல், ஒரு துண்டு, பழைய கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, பெயரும் எங்கள் எண்ணும் எழுதிய அட்டை. இன்சுலின் மட்டும் ஃப்ரிட்ஜில். அதை எடுத்து வருவது யார் வேலை என்று ஃப்ரிட்ஜ் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். இரண்டாவது ஒத்திகையில் ஒன்பது நிமிஷம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்க ஸ்ட்ரெச்சர் இல்லையென்றால், கனமான போர்வையின் நான்கு முனையை நான்கு பேர் பிடித்துத் தூக்கப் பழகுங்கள். பழகாமல் தூக்கினால் ஒருவர் கை நழுவும். இரவு ஒத்திகை ஒன்றாவது நடத்துங்கள். இரவில் எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள் என்ற உண்மை அப்போதுதான் தெரியும். பெரும்பாலான இல்லங்களில் பதில் ஒன்று அல்லது இரண்டு. ஆகவே பக்கத்து வீட்டு இளைஞர்கள் நான்கு பேரை இப்போதே பேசி வைக்க வேண்டும், அவர்களையும் ஒத்திகைக்குக் கூப்பிட வேண்டும், வந்தவர்களுக்கு நல்ல காபி கொடுக்க வேண்டும்.

எண்கள் இவை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எல்லா அவசரத்துக்கும் 112, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோர் உதவிக்கு 14567. இவற்றோடு உங்கள் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார், வார்டு கவுன்சிலர், லைன்மேன் எண்களும் வேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் நம் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. ஆனால் நாம் போன் செய்து அவர்களை வரவழைக்க முடியாது, மாவட்ட நிர்வாகம்தான் கூப்பிட வேண்டும். அதனால்தான் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, தாலுகா அலுவலகத்துக்கு நேரில் போய் ஒரு கடிதம் கொடுங்கள்: எங்கள் இல்லம் இந்த முகவரியில் இருக்கிறது, இத்தனை பேர் இருக்கிறார்கள், இத்தனை பேரால் நடக்க முடியாது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு சில பழைய அமைப்புகள் இன்னும் வேலூர் அதிகாரிகளின் எண்களையே வைத்திருக்கிறார்கள். ஆற்காடு, வாலாஜாக்காரர்களுக்கு ராணிப்பேட்டையும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூரும்தான் மாவட்டத் தலைமையிடம்.

வெயிலைப் பற்றி ஒரு பத்தி போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள். கத்திரி நாட்களில் நம் ஊரில் 40 டிகிரி செல்சியஸ் சாதாரணமாகத் தாண்டும். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை களப்பணிக்கு ஆளை அனுப்பாதீர்கள். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வகுப்பு நடத்துகிறவர்கள் மாலை ஐந்துக்கு மாற்றுங்கள். முதியவர்கள் தாகம் எடுத்ததாகச் சொல்லமாட்டார்கள், மணிக்கு ஒருமுறை தம்ளரைக் கையில் கொடுத்துக் குடிக்க வைக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்தவர் உளற ஆரம்பித்தால் உடனே உடம்பை நனைத்து விசிறிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 6: புகார் வரும் நாள்

வெள்ளத்துக்கு ஊரே உதவிக்கு வரும். இதற்கு வராது. ஓர் ஊழியரோ, தன்னார்வலரோ, பெரிய நன்கொடையாளரோ ஒரு குழந்தையிடம் தவறாக நடந்தார் என்று தெரிய வந்தால் அன்றைக்கு நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதில்தான் அமைப்பின் உயிர் இருக்கிறது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். அமைப்பின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் தண்டனை இன்னும் அதிகம். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கும்? ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "உள்ளேயே பேசி முடிச்சிக்கலாம், வெளிய தெரிஞ்சா பேர் கெட்டுப்போயிடும்" என்பார்கள். அவர்கள் நல்லவர்களாகவும் இருப்பார்கள், பல வருஷம் உதவியவர்களாகவும் இருப்பார்கள். அந்த உட்காரல் நடப்பதற்கு முன்பே உங்கள் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். 'புகார் வந்த அன்றே காவல்துறைக்குத் தெரிவிப்போம், விசாரணை முடியும் வரை அந்த நபர் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு வரமாட்டார், இதில் யாருக்கும் விலக்கு இல்லை' என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு, புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால், அன்று மாலை நீங்கள் தனியாக நின்று வாதாட வேண்டியிருக்காது. தீர்மானத்தைக் காட்டினால் போதும்.

குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். ஒருவர் மட்டும் பொறுமையாகக் கேட்டு, குழந்தை சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு வையுங்கள். 1098-ஐக் கூப்பிடுங்கள். குழந்தையின் பெயர், பள்ளி, தெரு, படம் எதுவும் வெளியே போகக்கூடாது, அமைப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் கூட.

பத்திரிகையாளரிடமும் நன்கொடையாளரிடமும் பேச ஒரே ஒருவர். எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லிவந்த நான் இங்கே மட்டும் ஒருவர் என்கிறேன். மாற்று ஆள் தயாராக இருக்கட்டும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். என்ன நடந்தது, நாங்கள் என்ன செய்திருக்கிறோம், அடுத்த தகவல் எப்போது தருவோம். இந்த மூன்றுக்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். வழக்கமான நன்கொடையாளர்களுக்கு அன்றே நீங்களாகப் போன் செய்யுங்கள். அவர்கள் வேறொருவரிடமிருந்து கேள்விப்பட்டால் மனம் விட்டுப்போகும்.

இணைய மோசடிக்கும் இதே வேகம் வேண்டும். கணக்கிலிருந்து பணம் போனால் வெட்கப்பட்டு அடுத்த நாள்வரை காத்திருக்காமல் அந்த நிமிஷமே 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு.

படி 7: ஊருக்கே நெருக்கடி வரும்போது நாம் செய்யக்கூடாதவை

2021 வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணம் கொடுத்த ஓரிடத்தில் பார்த்தேன். ஒரு பள்ளி வராண்டாவில் பழைய துணி மலைபோல் குவிந்து, மழைச்சாரலில் நனைந்து நாறிக்கொண்டிருந்தது. பிரெட் பாக்கெட் தலைக்கு நான்கு வந்திருந்தது. அங்கே தங்கியிருந்த ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது நாப்கினும் ஒரு பக்கெட்டும். கொண்டுவந்து குவித்தவர்கள் யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

ஆகவே முதலில் போய் உட்கார்ந்து கேளுங்கள், அதுவும் பெண்களிடம். கிராம நிர்வாக அலுவலரிடமும் மற்ற அமைப்புகளிடமும் யார் எந்தத் தெருவுக்குக் கொடுக்கிறார்கள் என்று பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். மெயின்ரோட்டில் இருக்கிறவர்களுக்கு மூன்று முறை கிடைக்கும், உள்ளே இருக்கும் அருந்ததியர் குடியிருப்புக்கும் மலையடிவார இருளர் குடிசைக்கும் யாரும் போயிருக்கமாட்டார்கள். அங்கிருந்து தொடங்குங்கள். பொருளை வாங்கும் கையைப் படம் எடுங்கள், முகத்தை வேண்டாம். நிவாரணத்துக்கென்று வந்த பணத்துக்குத் தனிக் கணக்கு, தனி ரசீது. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊழியர்களின் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கும். முதல் நாள் அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள், கையில் ஆயிரம் ரூபாய் முன்பணத்தோடு.

படி 8: வருஷக் காலண்டர்

ஏப்ரல் முதல் வாரத்தில் வெயில் ஏற்பாடும் கையெழுத்துப் பட்டியல் சரிபார்ப்பும். ஜூலையில் தீ ஒத்திகை, மின்சார வயர், கேஸ் டியூப், தீயணைப்பான் காலாவதித் தேதி. செப்டம்பரில் கூரை, சுவர், கால்வாய் அடைப்பு, தாலுகா கடிதம், இரவு ஒத்திகை. டிசம்பரில் கணக்குத் தாக்கலும், மழைக்காலத்தில் எது சரியாக நடக்கவில்லை என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுவதும். அந்தப் பேச்சில் யாரையும் குற்றம் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. பூட்டிக் கிடந்த அலுவலகத்துக்காகக் கணக்கரை நாங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு யாரிடமும் சாவி கொடுக்கச் சொல்லி அவரிடம் நாங்கள் சொன்னதே இல்லை.

இதையெல்லாம் பெரிய கோப்பாக்கிப் பீரோவில் வைக்காதீர்கள். இரண்டு பக்கம் போதும். எங்களுடையது லேமினேட் செய்து, இல்லத்தின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. இரவில் யாராவது ஒருவர் கண்ணில் அது நிச்சயம் படும் என்பதால் அந்த இடம். போன மாதம் பார்த்தபோது லைன்மேனின் பழைய எண்ணை யாரோ ஸ்கெட்ச் பேனாவால் அடித்துவிட்டுப் புதியதை எழுதியிருந்தார்கள். கேட்டதற்கு, "அவரு மாறிப் போயிட்டாரு சார், புது ஆளுகிட்ட நானே நம்பர் வாங்கினேன்" என்றார் சமையல்காரம்மா. கன்சால்பேட்டை அலுவலகத்தின் இரண்டாவது சாவி இப்போது எதிர்வீட்டு அம்மாவிடம் இருக்கிறது. அவர் வீட்டு மாடியில்தான் எங்கள் பீரோவின் அடித்தட்டுச் சாமான்களும்.